மலை ஊர்க் கடையை இனி எப்படி அமைப்பது?

குன்னூரில் 40 ஆண்டுகளாகத் தந்தை நடத்திவரும் கடையை இனி என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடை 12 அடி அகலம், 32 அடி நீளம். தேயிலைத் தூள், யூகலிப்டஸ் தைலம், சாக்லேட், வர்க்கி, மசாலா, ஸ்வெட்டர், நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் எம்பிராய்டரி சால்வை என்று மலைக்கு வருகிறவர்கள் வாங்கிச் செல்லும் எல்லாமும் அங்கே உண்டு. விலை கேட்கிறவர்கள் கடையில் நின்றபடியே கைபேசியில் இணைய விலையைப் பார்க்கிறார்கள் என்றும், பலர் ஒன்றும் வாங்காமல் படியிறங்கிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கடன் வாங்கிக் கடையைப் புதுப்பிக்கலாமா, இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு இணையத்தில் மட்டும் விற்கலாமா, புதுப்பித்தால் எப்படி அமைப்பது என்பவை அவருடைய கேள்விகள். "கல்லாவை எடுத்துவிட்டால் நான் எங்கே உட்காருவேன் என்று அப்பா கேட்கிறார்" என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார்.

நீலகிரியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கடைகளுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுத்துவருகிறேன். கடையை விடாதீர்கள் என்பதே என் பதில். ஆனால் சரக்கை நிரப்பி அடுக்கினால் அது கடை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது 384 சதுர அடி. அதில் வாங்குபவரின் கையும் மூக்கும் நாக்கும் வேலை செய்ய இடம் கொடுத்தால், முதல் முறை அங்கே நின்று வாங்கியவர் அடுத்தடுத்த முறைகள் தம் ஊரிலிருந்தே பார்சலில் வாங்குவார். அந்த முதல் முறை நன்றாக நடப்பதற்காகத்தான் இனி கடை. கீழே நான் சொல்லும் ஒவ்வோர் அளவும் இந்த ஒரு நோக்கத்திலிருந்து வருகிறது.

கடை தன் வேலையை மாற்றிக்கொள்வது இது முதல் தடவை இல்லை. மேசைக்குப் பின்னால் கடைக்காரர் நிற்க, வாங்குபவர் கேட்டதை அவர் எடுத்து நிறுத்துக் கொடுப்பதே பழைய முறை. 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாங்குபவரே கூடையுடன் உள்ளே போய் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் பணம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதோடு பின்கட்டில் இருந்த கிடங்கு கடையின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது. எங்கே அதிகச் சரக்கு கண்ணில் படுகிறதோ அதுவே பெரிய கடை என்றாயிற்று. இந்த வரலாற்றில் நம் மலைக்கும் பங்கு உண்டு. 1905-இல் இங்கே வெண்ணெய்க் கடையாகத் தொடங்கிய 'நீல்கிரிஸ்', 1936-இல் பெங்களூருக்குச் சென்று, பின்னர் இந்தியாவின் முன்னோடி சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒன்றாக வளர்ந்தது.

நூறாண்டுகளாகக் கடையின் முன்பக்கம் செய்துவந்த அந்தக் கிடங்கு வேலையைத்தான் கைபேசி இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் ரகத்தைக் காட்டுவதிலும், விலையை ஒப்பிட்டுச் சொல்வதிலும், நள்ளிரவில் ஆர்டர் வாங்குவதிலும் 384 சதுர அடிக் கடை அதோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் திரையில் எல்லாத் தேயிலையும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். மரபு முறையில் சுருட்டிய இலைத் தேயிலைக்கும், நொறுக்கி உருட்டிய சி.டி.சி. தூளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் யாரும் ஒரு நொடியில் அறிவார்கள். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில், படம் ஏதும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது அந்த வேலை. எந்திரத்தில் அச்சடித்தாற்போல் தைத்த போலியும் படத்தில் அப்படியேதான் இருக்கும். சால்வையைக் கையில் வாங்கி, புறம் திருப்பி, தையல் மேடிட்டிருக்கும் இடத்தை விரலால் தடவிய பிறகு ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஒரு பொருளைத் தொட்டுக் கையில் வைத்திருப்பதே அது தமக்குரியது என்ற உணர்வைக் கூட்டுகிறது என்று ஜோன் பெக், சுசான் ஷூ ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நம் துணிக்கடைக்காரர்கள் புடவையை விரித்து மடியில் போட்டுக் காட்டுவது இதை அறிந்துதான்.

இணையத்தில் பிறந்த நிறுவனங்களே கடை திறந்ததையும் கவனியுங்கள். அமெரிக்காவின் வார்பி பார்க்கர் 2010-இல் மூக்குக்கண்ணாடியை இணையத்தில் விற்கத் தொடங்கி, 2013-இல் நியூயார்க்கில் தன் முதல் கடையைத் திறந்தது. அதே 2010-இல் இணையத்தில் தொடங்கிய நம் லென்ஸ்கார்ட்டுக்கு இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. முகத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய பொருளுக்குக் கண்ணாடி முன் நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது. மறுபக்கம், அமேசான் 2015-இல் சியாட்டிலில் தொடங்கிய புத்தகக் கடைகளை 2022-இல் மூடுவதாக அறிவித்தது. இணையதளத்தில் இருந்த மதிப்பெண்களையும் வாசகர் கருத்துகளையும் அட்டையில் அச்சிட்டு அலமாரியில் வைத்த கடை அது. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதைப் பார்க்க ஒருவர் ஏன் கடைக்கு வர வேண்டும் என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் விடை இல்லை என்பது என் கருத்து.

அளவுகளுக்குப் போகும் முன், உங்கள் படியேறி வருகிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். சீசனில் கூட்டம் தானாக வந்து கொட்டும், அதில் நாலு பேர் நம் கடைக்குள் வந்தால் போதும் என்ற கணக்கு இனி செல்லாது. மலை தாங்கும் அளவுக்கே ஆள் வர வேண்டும் என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கடைக்காரருக்கு அதன் பொருள், வருகிற ஒவ்வொருவரையும் ஒருநாள் வாடிக்கையாளராகப் பார்க்காமல், ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய ஒரு குடும்பமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

இனி வாசல். இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமார் 12 ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் ஒரு கடைக்கு, கோயம்புத்தூரில் பார்த்த அழகில், தரையிலிருந்து கூரை வரை முழுக் கண்ணாடி முகப்பு வரைந்து கொடுத்தேன். ஏப்ரலில் திறந்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஜூலையில் போய்ப் பார்க்கிறேன், கண்ணாடி முழுதும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. உள்ளே மனிதர்களின் மூச்சும் கெண்டியின் ஆவியும். வெளியே மூடுபனியும் சாரலும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே விளக்கு எரிவது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த உரிமையாளர் நாள் முழுவதும் ஒரு பையனைத் துணியோடு நிறுத்தி வைத்திருந்தார். அதன் பிறகு நான் மலையில் வரையும் எந்தக் கடையிலும் இடுப்பு உயரத்துக்குக் கீழே சுவர், அதற்கு மேலே சின்னச் சின்னச் சட்டங்களாகப் பிரித்த கண்ணாடி, அதன் உச்சியில் ஒரு கையகலத்துக்குக் காற்றுப் போகும் திறப்பு, மேலே நன்றாக நீண்ட தாழ்வாரம் என்றுதான் வைக்கிறேன். நம் ஊரின் பழைய பங்களாக்களும் தேயிலை எஸ்டேட் அலுவலகங்களும் இப்படித்தான் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்கள் மழையைப் பார்த்துக் கட்டியவர்கள்.

உங்கள் 32 அடியில் முதல் 5 அடியை விற்பனைக்கு ஒதுக்காதீர்கள். தெருவிலிருந்து உள்ளே வந்தவர் நான்கைந்து அடி நடக்கும் வரை எதையும் கவனிப்பதில்லை என்பது கடைக்குள் நடப்பவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. நம் மலையில் அதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலும் நவம்பரிலும் உள்ளே வருகிறவர் கையில் குடை சொட்டும், மூக்குக்கண்ணாடியில் பனி படிந்திருக்கும், குழந்தையின் குல்லாவைக் கழற்ற வேண்டியிருக்கும். குடை வைக்க ஒரு தொட்டி, தண்ணீர் வடிய ஒரு சின்னக் கால்வாய், அகலமான தேங்காய் நார் மிதியடி, கோட்டு மாட்ட நாலு ஆணி, பெரியவர் ஒருவர் உட்கார ஒரு பெஞ்சு, இவை போதும். தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பாக இழைத்த கடப்பைக் கல் நல்லது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். சரிவான தெருவில் அதைக் கடைக்கு வெளியே போட முடியாது. உங்கள் படி ஒன்றே ஒன்று, அரை அடி உயரம் என்றால் கடைக்குள்ளேயே 6 அடியில் போட்டுவிடலாம். முடியாவிட்டால் படியின் இரு பக்கமும் உறுதியான கைப்பிடியாவது வையுங்கள். மலை ஏறி வருகிறவர்களில் மூட்டு வலிக்காரர்கள் அதிகம்.

அடுத்த 17 அடிதான் கடையின் உயிர். இப்போது அங்கே குறுக்கே ஒரு கல்லா மேசையும், அதற்குப் பின்னால் கூரை வரை அடுக்கிய பாட்டில்களும் இருக்கும் என்று ஊகிக்கிறேன்; மலையில் பெரும்பாலான கடைகள் அப்படித்தான். அந்தக் குறுக்கு மேசையை எடுத்துவிட்டு, நடுவில் நீளவாக்கில் ஒரு மேசை போடுங்கள். அகலம் இரண்டரை அடி, நீளம் 8 அடி, உயரம் 3 அடி. இரு சுவரிலும் 1 அடி ஆழ அலமாரி போக, மேசையின் இரு பக்கமும் மூன்றரை அடிக்குக் குறையாத வழி கிடைக்கும். ஒருவர் நின்று பார்க்கும்போது பின்னால் போகிறவர் உரசாமல் போக இந்த அளவு வேண்டும். முதுகில் ஓர் உரசல் பட்டாலே, பார்த்துக்கொண்டிருந்த பொருளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது மனித இயல்பு. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் உண்மை. சீசனில் கூட்டம் நெருக்கும் நம் கடைகளில் எத்தனை விற்பனை இந்த ஒன்றால் நழுவுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த மேசை தேயிலையைச் சுவைத்துப் பார்ப்பதற்கு. ஒரே அளவான வெள்ளைத் தட்டுகளில் உலர்ந்த இலை, அதன் முன் வெள்ளைக் கோப்பையில் வடித்த சாறு, பக்கத்தில் வடித்தெடுத்த ஈர இலை. தேயிலை ஏலத்துக்காகச் சுவைப்பவர்கள் குன்னூரில் தினமும் பார்க்கும் மூன்றும் இவைதான். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் என்பது அவர்கள் பின்பற்றும் உலக அளவு. உங்கள் ஊரின் மிகப் பெரிய அறிவு அந்தச் சுவைக்கும் அறைகளுக்குள்ளேயே இருக்கிறது; அதில் ஒரு துண்டை உங்கள் கடையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் பறித்த இலையையும் மழைக்கால இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நாக்கே வேறுபாட்டைச் சொல்லிவிடும். நீங்கள் பேசவே வேண்டியதில்லை.

எத்தனை ரகம் வைப்பது? ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் 24 வகை ஜாம் வைத்த மேசையில், கடந்து போனவர்களில் 60 விழுக்காட்டினர் நின்றார்கள். ஆனால் நின்றவர்களில் 3 விழுக்காட்டினரே வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 40 விழுக்காட்டினர் நின்று, அவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். இதை வைத்து எதையும் குறைத்தால் விற்கும் என்று சொல்லிவிடக் கூடாது. 2010-இல் இத்தகைய 50 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தெரிந்தது. என்றாலும் தேயிலைக்கு 5 ரகம் போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு: ஆறாவது கோப்பையில் பழக்கமில்லாத நாக்கு மரத்துப் போகும். மற்ற ரகங்கள் அலமாரியில் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுங்கள்.

இந்த மேசையில் மலைக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் அதற்கும் குறைவு. உங்கள் கடையில் குடித்த இதமான தேநீரை நினைத்து வாங்கிப் போகிறவர், சென்னையில் 100 டிகிரித் தண்ணீரை அதே நேரம் ஊற்றிவைத்தால் கசப்பு ஏறி நிற்கும். "அங்கே குடித்தது ஒன்று, கொடுத்தது ஒன்று" என்று எண்ணிவிடுவார். உங்கள் மேல் தவறே இல்லாமல் ஒரு வாடிக்கையாளர் போய்விடுவார். ஒவ்வொரு பொட்டலத்திலும், கீழே சமவெளியில் தண்ணீர் கொதித்து இறக்கிய பின் இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றவும் என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். இணையத்தில் விற்கும் எந்தப் பெரிய நிறுவனமும் அவருக்கு இதைச் சொல்லியிருக்காது.

வாசனைதான் நம் கடைகள் மிகவும் அலட்சியப்படுத்தும் விஷயம். தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். யூகலிப்டஸ் தைலத்தையும், கிராம்பு ஏலக்காயையும், தேயிலையையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கும் கடையில், மூடியைத் திறந்து தேயிலையை முகர்ந்தால் சளிக்குப் பிடிக்கும் ஆவிதான் நினைவுக்கு வரும். நல்ல தேயிலையைக் கெட்ட அலமாரி கொன்றுவிடுகிறது. தைலத்துக்கு வாசலை ஒட்டி, காற்று வெளியே போகும் பக்கமாக, கதவு போட்ட கண்ணாடிப் பெட்டி வையுங்கள். தெருவில் போகிறவரை அந்த மணம் அழைக்கட்டும், அதுவும் நல்லதுதான். மசாலா எதிர்ச் சுவரில். தேயிலை உட்புறச் சுவரில், தகர டப்பாக்களில். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் ஊர் என்பதால் எல்லா அலமாரியும் சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி, தரையை விட்டு ஆறு அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். பலகைக்குத் தேக்கு தேட வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் நம் ஊரிலேயே கிடைக்கிறது, நன்றாக உலர்த்தியதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

சாக்லேட்டை வெந்நீர்க் கெண்டியிடமிருந்து விலக்கி வையுங்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகும். மலையின் குளிரே நமக்குக் குளிர்பதனப் பெட்டியாக இருந்து வீட்டுச் சாக்லேட் தொழிலை வளர்த்தது. ஆனால் 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கி, வெயிலில் நிறுத்திய காருக்குள் அது என்ன ஆகும் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கீழே இறங்குகிறவரிடம் சாக்லேட்டைச் சுவைக்கக் கொடுத்து, ஒரு சிறு பொட்டலம் மட்டும் கையில் கொடுங்கள்; மீதியை வெப்பம் தாங்கும் பெட்டியில் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். கடையும் இணையமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடம் இதுதான்.

கம்பளிக்கும் சால்வைக்கும் விளக்குதான் எல்லாம். நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கில் தோடர் எம்பிராய்டரியின் சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரியும்; வாங்கிப் போய் வீட்டில் விரித்தால் வேறு நிறம், உடனே ஏமாற்றம். விளக்கின் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும்; பொருளின் இயல்பான நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு அது. 90-க்கு மேல் உள்ளதாகவும், நிற வெப்பநிலை (வெளிச்சம் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதன் அளவு) 3,000 முதல் 4,000 கெல்வினுக்குள் உள்ளதாகவும் வாங்குங்கள். மூடுபனி நாளில் தெருவிலிருந்து பார்க்கும்போது அந்த மஞ்சள் வெளிச்சமே மனிதரை உள்ளே இழுக்கும். ஆள் உயரக் கண்ணாடி ஒன்று கட்டாயம்; ஸ்வெட்டர் போட்டுப் பார்க்காமல் வாங்குவதானால் இணையத்திலேயே வாங்கிவிடலாமே.

விலையைப் பற்றி நீங்கள் பட்ட மனவருத்தம் எனக்குப் புரிகிறது. கைபேசியில் விலை பார்ப்பவரிடம் கோபப்படாதீர்கள். நாமும் அப்படித்தான் வாங்குகிறோம். உங்கள் கடை விலையும் நீங்கள் பார்சலில் அனுப்பும் விலையும் ஒன்றாக இருக்கட்டும், கூரியர் கட்டணத்தைத் தனியாகக் காட்டுங்கள், எல்லாவற்றையும் பொருளுக்கு நேர் கீழே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் சுற்றுலா ஊர்களின் பெயரைக் கெடுத்திருக்கிறது, அதை அடியோடு விட வேண்டும். நீங்களே பொட்டலம் போடுவதானால் நிகர எடை, போட்ட மாதம், அதிகபட்ச சில்லறை விலை, முகவரி, புகார் சொல்லும் எண், உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை சட்டப்படி வேண்டும். அதோடு எந்த ஊர் இலை, எந்த மாதம் பறித்தது என்று சேர்த்தால் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயரில்லாத் தூளோடு ஒப்பிடவே முடியாது.

பின்பக்கத்து 10 அடியில் பார்சல் கட்டும் இடம். தராசு, பெட்டிகள், ஒட்டுத்தாள் அச்சிடும் சின்ன எந்திரம், நின்றபடி கட்ட உயரமான மேசை. இதைத் தட்டி வைத்து மறைக்காமல், இடுப்பு உயரத்துக்கு மேல் கண்ணாடி வைத்துத் திறந்து காட்டுங்கள். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பொட்டலம் போவதைக் கண்ணால் பார்த்தவர், தமக்கும் இது வரும் என்று நம்புவார். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் காகிதம், துணிப்பை, தகரம் என்று ஏற்கெனவே பழகியிருக்கிறீர்கள். அதுவே பார்சலுக்கும் நல்ல அடையாளம்.

உள்ளூர்க்காரர்களை மறந்துவிடாதீர்கள். ஆண்டில் பாதி மாதங்கள் கடையை நடத்துவது அவர்கள்தான், அவர்களும் இணையத்தில் வாங்குகிறவர்கள்தான். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும், படகர் சிற்றூர்களான ஹட்டிகளுக்கும் கூரியர்காரர் நேரே போக முடியாத இடங்கள் பல. அவர்களுக்கு வரும் பார்சலை வாங்கி வைத்துக் கொடுக்கும் இடமாக உங்கள் கடை இருக்கலாம். அதற்குப் பின்னறையில் ஒரு பூட்டுள்ள அலமாரி போதும். பார்சல் வாங்க வருகிறவர் மேசையில் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

கடன் கேள்விக்கு வருகிறேன். இப்போது வாங்காதீர்கள். கூட்டமில்லாத ஜூலையில், அலமாரிகளை நகர்த்தி, மேசையின் அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோடாக வரைந்து, மடக்கு மேசை ஒன்றைப் போட்டுப் பத்து நாள் கடை நடத்திப் பாருங்கள். வருகிறவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்புகிறார், எதைத் தொடுகிறார் என்பதை ஒரு தாளில் புள்ளி வைத்துக் குறியுங்கள். புள்ளிகள் சேரும் இடம் என் கணக்கிலிருந்து மாறினால் உங்கள் தாளை நம்புங்கள். செலவு செய்யும்போது விளக்கு, தரை, தாழ்வாரம் முதலில், அலமாரி பிறகு, பெயர்ப்பலகை கடைசியில். வாடகைக் கட்டடமானால் எதையும் சுவரில் பதிக்காமல் கழற்றி எடுத்துப்போகும்படி செய்யுங்கள். வெளிப்புறத்தை ஓர் அடி நீட்டினாலும் மலைப்பகுதிக் கட்டட விதிகள் குறுக்கே வரும் என்பதால், தாழ்வாரத்துக்கு நகராட்சியில் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

அப்பாவின் இடம் சுவைக்கும் மேசையின் உள்முனை. அங்கிருந்து வாசலும் தெரியும், பார்சல் அறையும் தெரியும். மேசை 3 அடி உயரம் என்பதால் அவருக்கு 2 அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில், முதுகு சாயும் நாற்காலி வேண்டும். நின்று பேசுகிறவரும் அவரும் ஏறத்தாழ முகத்துக்கு முகம் பார்க்கலாம். பணத்தைக் கியூ.ஆர். அட்டையும் ஒரு சின்ன இழுப்பறையும் பார்த்துக்கொள்ளும். 40 ஆண்டுகளாக எந்தத் தோட்டத்து இலை எந்த மாதம் எப்படி இருந்தது என்று அறிந்த கை அவருடையது. கெண்டி அவருடைய வலது கைக்கு எட்டட்டும். டிசம்பரில் கல் தரையிலிருந்து குளிர் ஏறும், அவர் கால் வைத்துக்கொள்ள நாற்காலிக்குக் கீழே ஒரு மரப்பலகையை மறக்காமல் போட்டுக் கொடுங்கள்.